பொட்டு வைத்தால் போதுமா?

ஆயுத பூஜையன்று மதுரை கே.கே. நகர்த் தெருக்களில் கார்கள் கழுவிப் பொட்டு வைத்து, மாலையோடு நிற்கும். உழைக்கும் கருவியை வணங்குவது நம் சமயத்தின் அழகான எண்ணங்களில் ஒன்று. அந்த வணக்கம் வெளித் தகட்டோடு நின்றுவிடலாமா? கேபிளுக்குப் பதில் ஆயிலில் இயங்கும் கிளட்சைப் பாருங்கள். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும். அது குழாய் வழியே போய் கியர்பாக்ஸ் பக்கமுள்ள ஸ்லேவ் சிலிண்டரை நகர்த்தும். இதில் ஊற்றும் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நாளடைவில் சிலிண்டரின் உள்சுவர் துருப்பிடிக்கும், ரப்பர் சீல் தேயும், ஆயில் கசியும், காற்று புகும். பெடல் தொய்ந்து, கியர் விழ மறுக்கும். ஆண்டுதோறும் மாலை போட்டுவிட்டு ஆயிலை மாற்றாமல் விட்டவர் செய்தது பாதிப் பூஜைதான். கையில் அழுக்குப் படச் செய்யும் பராமரிப்பே மீதிப் பாதி.

அது மெக்கானிக்கின் தொழிலாயிற்றே, பிறர் தர்மத்தில் இறங்கலாமா என்று கீதையின் மூன்றாம் அத்தியாயத்தைக் காட்டிக் கேட்பவர்கள் உண்டு. வேள்வி செய்யாமல் உண்பவனைத் திருடன் என்று சொல்வதும் அதே அத்தியாயம்தான். அந்த வேள்விக்கு உடலுழைப்பு என்றே பொருள் கொண்டார் காந்தி. 1921-இல் அவர் அரையாடைக்கு மாறியது இந்த மதுரையில்தான். அவருக்கு வெகுகாலம் முன்பே இந்த ஊர் தன் பதிலைக் கதையாகச் சொல்லிவிட்டது. வந்திக் கிழவிக்காகச் சொக்கநாதர் பிட்டைக் கூலியாக வாங்கி மண் சுமக்க வந்ததை ஆவணி மூலத்தில் விழாவாக எடுக்கிறோம். கடவுளே கூடை தூக்கிய ஊரில் ஸ்பேனர் பிடிப்பது யாருக்கும் குறைவில்லை. வேலையை விட்டு உறங்கிய அந்தக் கூலியாளுக்கு விழுந்த பிரம்படி எல்லா உயிர்கள் மேலும் பட்டது என்கிறது அக்கதை. அதை அசட்டை பற்றிய எச்சரிக்கையாகவே நான் படிக்கிறேன். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஆயில் டப்பா ஒன்றுதான். அங்கே காட்டும் அலட்சியம் சாலையில் எதிரே வருபவரையும் தாக்கும்.

மெக்கானிக்கின் பிழைப்பைக் கெடுக்கலாமா என்ற கேள்வி இதைவிட நியாயமானது. சில கார்களில் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ளேயே இருக்கும். கியர்பாக்ஸை இறக்காமல் தொட முடியாது. அந்த வேலையை அவரிடமே விட வேண்டும். வெளியே பொருத்திய சிலிண்டரை வீட்டிலேயே மாற்றலாம். அதற்கும் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வைக்க வேண்டும். உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற, ஒருவர் பெடலை மிதிக்க இன்னொருவர் சிலிண்டரிலுள்ள நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். எஞ்சின் ஆயிலை மறந்தும் ஊற்றக் கூடாது, ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். இத்தனை கவனத்தையும் ஒருமுறை தன் கையால் செலுத்திப் பார்த்தவருக்கு, நாள் முழுதும் காருக்கடியில் கிடப்பவரின் உழைப்பு என்னவென்று புரியும். அடுத்த முறை அவரிடம் வண்டியை விடும்போது கூலியில் பேரம் பேசாதீர்கள்.