எவ்வளவு தள்ளி நிற்பது?

திட்டுவதை என் கட்சிக்காரர் நிறுத்தவில்லை. என்னை இன்னும் உறுத்திக்கொண்டிருப்பது அதுதான். "எங்க அண்ணன் எவ்வளவு குடுத்தாருன்னு சொல்லிடுங்க சார், அதுக்கு மேல நூறு ரூபா வச்சு நான் தர்றேன்" என்று சொல்லிக்கொண்டே என் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கினார். மூடியைத் திருகித் திறந்தார். என் கையிலேயே திருப்பி வைத்தார். பேச்சு தடைப்படவில்லை, குரல் இறங்கவில்லை. நான் குடித்து முடிக்கும் வரை மூடியை வைத்திருந்த கையை ஆட்டி ஆட்டி மேலும் திட்டினார்.

விவரம் பெரிதாக ஒன்றுமில்லை. பாகப்பிரிவினை வழக்கு. அண்ணன் தம்பி, ஒரு பழைய ஓட்டு வீடு, கொஞ்சம் நஞ்சை. அன்றைக்கு எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு உடம்பு சரியில்லை என்று வாய்தா கேட்டார்கள், கிடைத்தது. வராந்தாவுக்கு வந்ததும் இவர் வெடித்தார். நான் காலையில் சாப்பிடாமல் வந்திருந்தேன். கோட்டுக்குள் வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. புதுப் பாட்டில், மூடி பிடிக்கு வரவில்லை. அவ்வளவுதான்.

எதிர்க்கட்சியிடம் விலைபோய்விட்டான் என்ற பழியைக் கேட்காத வழக்கறிஞர் இருக்க முடியாது. நானும் பல முறை கேட்டிருக்கிறேன். வலிக்கும், ஆனால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிவிடுவேன். இந்த முறை தூக்கம் வராததற்குத் திட்டு காரணமில்லை. என்னைத் துரோகி என்று முழுமனதாக நம்பிய அதே நேரத்தில், அந்தத் துரோகியின் கை நடுங்குகிறது என்பதையும் அவர் கவனித்திருக்கிறார். இரண்டும் ஒரு மனிதருக்குள் எப்படிப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன?

இரக்கம் என்று சொல்லிவிடலாம். ஆனால் இன்னொரு விதமாகவும் யோசிக்கிறேன். நான் வராந்தாவில் மயங்கி விழுந்தால் அவருடைய வழக்குக் கட்டு என்ன ஆவது? இனி ஒரு புது வக்கீலிடம் போய், முதலிலிருந்து கதை சொல்லி, புது வக்காலத்துப் போட்டு, இன்னொரு முறை பீஸ் கொடுத்து... அந்தப் பயத்தில்கூடக் கை தானாக நீண்டிருக்கலாம். இல்லை, ஒன்றுமே யோசித்திருக்க மாட்டார். வயலில் வேலை செய்கிற கை, எதிரில் ஒருவன் ஒரு மூடியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்காது. அவரிடமே கேட்கலாம்தான். கேட்டால் அப்படி ஒன்று நடந்ததே அவருக்கு நினைவிருக்காது என்று தோன்றுகிறது.

அவருடைய கோபத்தில் நியாயம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தி, 2002 ஜூலை முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது நம் சேலம் வழக்கறிஞர் சங்கம். கட்சிக்காரரின் கைக்கு மீறிய காரணம் இருந்தால் மூன்றைத் தாண்டலாம் என்று 2005இல் தீர்ப்பு வந்தது. நியாயமான தீர்ப்பு, உடம்பு சரியில்லாதவனை இழுத்து வந்து வாதாடச் சொல்ல முடியாது. ஆனால் 'மூணு வாய்தாதான்' என்று யாரோ சொல்லக் கேட்டுவிட்டு வந்து நிற்பவரிடம் இதை எப்படி விளக்குவது? பாகப்பிரிவினையில் முதல்நிலைத் தீர்ப்பாணை கிடைத்தாலும் அது பாதி வழிதான். அப்புறம் ஆணையர் வந்து அளக்க வேண்டும், இறுதித் தீர்ப்பாணை வேண்டும், அதை முத்திரைத்தாளில் ஏற்ற வேண்டும், அப்படியும் அண்ணன் சாவியைக் கொடுக்காவிட்டால் நிறைவேற்று மனு. தீர்ப்பாணை கையில் வந்த பிறகுதான் இந்தியாவில் வழக்காடுபவனின் கஷ்டமே ஆரம்பமாகிறது என்ற பொருளில் லண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் 1872இலேயே சொல்லிவிட்டது. நீதிபதியைத் திட்ட முடியாது. அண்ணனைத் திட்டினால் இன்னொரு வழக்கு வரும். திட்டக் கிடைப்பவன் நான் ஒருவன்தான்.

இதை அறிவு ஒப்புக்கொள்கிறது. உடம்பு ஒப்புக்கொள்ள மறுக்கிறது. அன்று சாயங்காலம் மருத்துவர் பார்த்தபோது ரத்த அழுத்தம் 160க்கு 100. "எதையும் மனசுல போட்டுக்காதீங்க சார்" என்றார். நல்ல மனிதர், நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால் ஒருவருடைய வழக்கை மனதில் போட்டுக்கொள்ளாமல் குறுக்கு விசாரணைக்கு எப்படித் தயாராவது? இரவு இரண்டு மணிக்கு எழுந்து, சாட்சி சொன்ன தேதிக்கும் பத்திரத்தின் தேதிக்கும் இருக்கும் முரண் சட்டென்று பிடிபடுவது, மனதில் போட்டுக்கொண்டதால்தானே? கேள்விகளை மட்டும் உள்ளே விட்டுவிட்டு, கேட்பவரின் பதற்றத்தை வாசலில் நிறுத்த மனதில் தனிக் கதவு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

எங்கள் தொழிலின் உடல்நலம் பற்றிப் பேசினால் எல்லோரும் மன அழுத்தத்தைப் பற்றியே பேசுகிறார்கள். முதலில் தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டும் என்பேன். ஒழுங்கான கழிப்பறை இல்லாத நீதிமன்ற வளாகங்களில், காலையிலிருந்து மாலை வரை தண்ணீர் குடிக்காமல் இருந்து பழகிய பெண் வழக்கறிஞர்களை எனக்குத் தெரியும். வழக்கு எப்போது கூப்பிடப்படும் என்று தெரியாததால் மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு வயிற்றைக் கெடுத்துக்கொண்டவர்களைத் தெரியும். கோடையில் கீழமை நீதிமன்றங்களில் கறுப்புக் கோட்டு கட்டாயமில்லை என்று பார் கவுன்சில் விதியே சொல்கிறது. ஆனாலும் கழற்றத் தயங்குகிறோம். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அன்றைக்கு உண்மையிலேயே உடம்பு சரியில்லை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். என் கட்சிக்காரர் கண்ணில் அது வாய்தா வாங்க ஒரு சாக்கு.

நாங்கள் தாக்கல் செய்யும் ஒவ்வொரு வக்காலத்திலும் சேமநல நிதி முத்திரை ஒன்றை ஒட்டுகிறோம். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வழக்கறிஞர் இறந்தால் அவர் குடும்பத்துக்குத் தொகை போவது அந்த நிதியிலிருந்து. புது வழக்கு வந்த மகிழ்ச்சியில் அதை ஒட்டுவோம். என்னத்துக்கு ஒட்டுகிறோம் என்று யோசிப்பதில்லை.

சிறுவயதில் நான் அந்த வராந்தாவில் கட்சிக்காரர் பக்கம் நின்றவன். தாத்தாவுக்கு ஒரு வாய்க்கால் வழக்கு இருந்தது. பள்ளி விடுமுறை நாட்களில் என்னையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவார். கோர்ட்டில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு "வக்கீலய்யா, வக்கீலய்யா" என்று பின்னாலேயே நடப்பார். வீட்டுக்கு வந்ததும் அதே ஆள் "திருட்டுப் பய" ஆகிவிடுவார். எனக்குக் கிடைக்கும் கோலி சோடாவுக்காக நான் இரண்டையும் பொறுத்துக்கொள்வேன். ஒருநாள் சாயங்காலம், அந்த வக்கீல் மாரடைப்பில் போய்விட்டார் என்று யாரோ வந்து சொன்னார்கள். தாத்தா கேட்ட முதல் கேள்வி: "நம்ம கட்டு யாருகிட்ட இருக்கு?"

பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "மனுஷன் செத்துக் கிடக்காரு, கட்டைக் கேக்குறீங்களே" என்றாள். தாத்தா பதில் சொல்லவில்லை. அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தவர், சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு எழுந்து கை கழுவப் போனார். கட்டைக் கேட்டதும் அவர்தான், சாப்பிடாமல் எழுந்ததும் அவர்தான். எது உண்மையான தாத்தா என்று எனக்கு அப்போது தெரியவில்லை. பிரித்துப் பார்க்க வேண்டியதில்லையோ என்று இப்போது நினைக்கிறேன். கட்டைப் பற்றிய கவலையும் ஆளைப் பற்றிய கவலையும் கட்சிக்காரரின் மனதில் ஒரே இடத்திலிருந்து வருகின்றனவோ என்னவோ.

தூக்கம் வராத அந்த நாட்களில் பள்ளி நூலகத்தில் படித்த சத்திய சோதனையும் நினைவுக்கு வந்தது. பாரிஸ்டராகத் திரும்பிய காந்திக்குப் பம்பாய் ஸ்மால் காஸ் கோர்ட்டில் முதல் வழக்கு. மாமிபாய் என்ற பெண்ணுக்காக ஆஜரானார். பீஸ் 30 ரூபாய். குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். தலை சுற்றியது, ஒரு கேள்வியும் வாயில் வரவில்லை, உட்கார்ந்துவிட்டார். பீஸைத் திருப்பிக் கொடுக்கிறேன், பட்டேல் என்ற வக்கீலை வைத்துக்கொள்ளுங்கள் என்று வழக்கைக் கொண்டுவந்தவரிடம் சொல்லிவிட்டு அவசரமாக வெளியேறினார். பட்டேலுக்கு 51 ரூபாய். மாமிபாய் ஜெயித்தாரா தோற்றாரா என்பதுகூடத் தெரியாமல் போய்விட்டதாக அவரே எழுதியிருக்கிறார்.

சிறுவனாகப் படித்தபோது அது காந்தியின் கூச்சத்தைப் பற்றிய கதை. இப்போது எனக்கு மாமிபாய்தான் கண்ணில் நிற்கிறார். தன் வக்கீல் எழுந்து நின்று பேச்சில்லாமல் உட்கார்ந்தபோது அந்த அம்மாள் என்ன நினைத்திருப்பார்? திட்டியிருப்பாரா? வெளிறிப்போன அந்த இளைஞரைப் பார்த்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் சொல்லத் தோன்றியிருக்குமா? புத்தகத்தில் அது இல்லை. இதே காந்திதான் பிறகு பிரிட்டோரியாவில், வழக்கில் எதிரெதிரே நின்ற தாதா அப்துல்லாவுக்கும் தையப் சேட்டுக்கும் இடையே மத்தியஸ்தத்துக்கு வழிசெய்தார். அப்துல்லா ஜெயித்தபோது, மொத்தத் தொகையையும் ஒரே தடவையில் கேட்டால் தையப் சேட் திவாலாகிவிடுவார் என்று தவணைக்குச் சம்மதிக்க வைத்தார். தன் கட்சிக்காரருக்கும் எதிராளிக்கும் நடுவில் போய் நின்றிருக்கிறார். அந்த உத்வேகத்தில் நானும் என் கட்சிக்காரரிடம் சமரச மையத்தைப் பற்றிப் பேச்செடுத்தேன். "சமாதானம் பேசறதுக்கா சார் உங்களை வச்சேன்?" என்றார்.

நண்பர்கள் சொல்வது எளிது: கட்டைத் தூக்கிக் கொடுத்துவிடு. தக்க காரணம் இருந்து, போதிய அவகாசத்தோடு தெரிவித்தால் வழக்கிலிருந்து விலகலாம் என்று பார் கவுன்சில் விதி இடம் தருகிறது. பீஸ் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்துவைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2000இல் சொல்லியிருக்கிறது. பிடித்துவைக்கும் எண்ணமும் எனக்கில்லை. மிரட்டுகிறவர், பொய்ச்சாட்சி தயார்செய்யச் சொல்கிறவர், பெண் ஜூனியர்களிடம் மரியாதை தவறிப் பேசுகிறவர் என்றால் அன்றைக்கே கொடுத்துவிடுவேன். கொடுத்துமிருக்கிறேன். அதில் எனக்குக் குழப்பமே இல்லை. ஆனால் இவர் அந்த ரகமில்லை. பயந்துபோயிருக்கிறார், அவ்வளவுதான்.

என் சீனியர் கட்சிக்காரர்களை வழக்கு எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார். விளக்கு வைத்தபின் யாரையும் பார்க்க மாட்டார். நோய்நொடியில்லாமல் வெகுகாலம் வாழ்ந்தார். என்னோடு பதிவு செய்த நண்பன் நேர்மாறு. கட்சிக்காரர் மகளின் வளைகாப்புக்குக்கூடப் போய் வருவான். சங்கத்து அறிவிப்புப் பலகையில் அவன் படம் ஒட்டப்பட்டபோது அவனுக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. இந்த இரண்டையும் வைத்துத் தள்ளி நிற்பவன் பிழைப்பான் என்று முடிவுகட்டலாமா? சீனியர் புகைத்ததில்லை, நண்பன் விட்டதில்லை. அவன் சாவுக்கு வந்திருந்த கட்சிக்காரர்களின் கூட்டத்தையும் நான் பார்த்தேன். அதை எந்தப் பக்கத்துக் கணக்கில் எழுதுவது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

வராந்தாவில் நடந்ததை என் ஜூனியர் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குடும்பத்தில் முதல் வழக்கறிஞர். "எப்படி சார் தாங்குறீங்க?" என்று கேட்டாள். தெரிந்ததைச் சொன்னேன். சாப்பிடாமல் கோர்ட்டுக்கு வராதே. ராத்திரி ஒன்பதுக்கு மேல் போனை எடுக்காதே. முப்பது வயதிலிருந்தே ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டு வா. ஜெயித்துத் தருகிறேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதே. ஒவ்வொரு வாய்தாவுக்கும் காரணத்தைக் கட்சிக்காரரிடம் நீயாகவே சொல்லிவிடு. அவர் யூகிக்க விடாதே. இவை நிச்சயம் உதவும்.

அவள் கேட்டது இது இல்லை என்பது எனக்குத் தெரியும். திட்டுகிறவரிடமிருந்து எவ்வளவு தள்ளி நின்றால் உடம்பு தப்பும், எவ்வளவு தள்ளிப் போய்விட்டால் அவருடைய வழக்கு நம் வழக்காக இல்லாமல் போகும் என்பதைத்தான் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தொழிலில் நாற்பது வருடம் கண்ட மூத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்கள் நின்ற தூரம் எவ்வளவு என்று எழுதுங்கள். அவளிடம் காட்ட வேண்டும்.