முன்பின் அறியாதவர்

முன்பின் தெரியாத ஒருவரோடு ஐந்து விநாடி பேசிவிட்டு, அவரை என் கணக்கில் எழுதிக்கொண்டால் அது உறவா, வேட்டையா? ஹாம் வானொலிக்காரர்களின் விருதுப் போட்டியை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொள்கிறது.

'டி.எக்ஸ்.சி.சி.' என்பது அவர்களுடைய பெரிய விருது. அமெரிக்க வானொலிச் சங்கம் ஒன்று 1937-இல் ஏற்படுத்தியது. 100 நாடுகளோடு பேசியதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். தபாலில் வரும் அட்டைதான் வெகுகாலம் அத்தாட்சியாக இருந்தது. நாடு என்றால் பூகோளப் புத்தகத்து நாடு அல்ல. இந்தியா ஒன்று, அந்தமான் ஒன்று, லட்சத்தீவு ஒன்று!

பேச்சுத்தான் என்ன பேச்சு? அழைப்புப் பெயர், 'ஃபைவ் நைன்', நன்றி, தீர்ந்தது. குரலின் தெளிவுக்கு 5, பலத்துக்கு 9. வேடிக்கை என்னவென்றால், இரைச்சலில் பாதி மூழ்கிய குரலுக்கும் தயங்காமல் 59 தந்துவிடுவார்கள். கல்யாணப் பந்தியில் 'சாப்பாடு பிரமாதம்' என்கிறோமே, அந்த ரகம்.

கணக்கு எழுதுவதே அற்பம் என்று சொல்லிவிடலாமா? பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில், பெருமாள் கோயில் சுவரில், வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டு. அதுவும் கணக்குத்தான். ஆதுலசாலைக்குப் படுக்கை 15. வைத்தியர், சல்லியக்கிரியை செய்பவர், மூலிகை கொண்டுவருகிறவர்கள், சேமித்து வைக்கவேண்டிய மருந்துகள். அங்கே படித்த மாணாக்கருக்கும் கோயில் பணியாளருக்குமான ஏற்பாடு. படுக்கப்போகிறவன் யார் என்று கல்லில் பொறித்தவனுக்குத் தெரியாது. தெரியாதவனுக்காக எண்ணி வைத்தார்கள்.

ஆகவே, எதற்காக எண்ணுகிறோம் என்பதுதான் விஷயம் என்று முடித்துவிட ஆசை. ஆனால் 2004 டிசம்பர் குறுக்கே நிற்கிறது. ஹைதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிலையத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற அம்மையார், அரும்பாடுபட்டு அநுமதி பெற்றுப் போர்ட் பிளேயரில் வானொலிக் கருவியை நிறுத்தியிருந்தார். பல ஆண்டுகளாக அந்தமானிலிருந்து ஹாம் குரலே கிடையாது. உலகத்து வேட்டைக்காரர்களெல்லாம் மொய்த்தார்கள். 26-ஆம் தேதி பூமி அதிர்ந்தது. கடல் ஏறி வந்தது. தொலைபேசி அற்றுப்போன அந்தத் தீவிலிருந்து அதே கருவி, விருதுப் பேச்சை நிறுத்திவிட்டு, உயிரோடிருப்பவர்களைப் பற்றிய சேதியைக் கரைக்கு அனுப்பியது. அங்கே 59 உதவாது. ஒரு பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்க வேண்டும். ஓரெழுத்துப் பிசகினால் வேறொருத்தி தாலியைத் தொட்டுப் பார்த்து அழுவாள்.

நிவாரணத்துக்கென்று யாரும் அந்தக் கருவியை அங்கே கொண்டுபோகவில்லை. கொண்டுபோனது அட்டை ஆசைதான். அந்த ஆசைக்குப் புண்ணியம் எழுத எனக்கு மனம் வரவில்லை, அழித்துவிடவும் மனமில்லை.

அந்தமான் இன்னும் கணக்கில் சேராத யாரோ ஒருவர், அன்று எங்கோ ஓர் ஊரில், காதில் கருவியை மாட்டியபடி வாயை மூடிக்கொண்டு அந்தப் பெயர்களைக் கேட்டுக்கொண்டிருந்திருப்பார். அவரைத்தான் எனக்குப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.