ஒப்படைக்கும் கைகள்

அயல்நாட்டில் குடியேறப் புறப்படும் ஒருவர், விமானப் பயணத்தின் 23 கிலோ பெட்டிக்குள் இடமில்லாத ஆர்மோனியத்தை, அதன் தேய்ந்த கட்டைகளைத் தடவியபடியே பிறரிடம் ஒப்படைக்கையில் உணரும் வலி விசுவாசக் குறைவு அன்று. ஆரானை விட்டுக் கிளம்பிய ஆபிராமும் தாம் சம்பாதித்த பொருள்களோடுதான் புறப்பட்டார் என்கிறது ஆதியாகமம். கிறிஸ்தவ மரபு போற்றும் உக்கிராணத்துவம், அதாவது பொருளுக்கு உடையவராக அன்றி, இறைவன் நம்பி ஒப்புவித்ததைக் காப்பவராக நிற்றல், எதை இழப்பது என்பதைவிட யாரிடம் சேர்ப்பது என்றே முதலில் கேட்கிறது. செல்வர் ஒருவரிடம், உள்ளதையெல்லாம் விற்று ஏழைகளுக்குக் கொடுக்கும்படி இயேசு கூறினார். கூறுமுன் அவரை உற்றுநோக்கி அன்புகூர்ந்தார் என்று மாற்கு மட்டுமே குறித்துவைத்திருப்பது, பிரிய மனமின்றித் தவிப்போருக்கு உண்மையிலேயே பெரிய ஆறுதல்.