கேள்வி யாருடையது?

கேள்வி என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள் உண்டு. ஒன்றைத் தெரிந்துகொள்வதற்காகப் பிறரைக் கேட்பதும் கேள்விதான். பிறர் சொல்வதைச் செவிசாய்த்துக் கேட்பதும் கேள்விதான். வள்ளுவர் ‘கேள்வி’ என்று ஓர் அதிகாரமே வகுத்தது இரண்டாவது பொருளில்தான். நாகரிகம் வளர வளர முதல் கேள்வி பெருகிவிட்டது, இரண்டாவது அருகிவிட்டது.

இதை வைத்து ஒரு தர்க்கத்தைப் பார்ப்போம். ஒரு மனிதனுக்கு நன்மை செய்யும் நோக்கத்தோடுதான் அவனைப் பற்றி ஆராய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அவனைக் கேட்காமலே ஆராயலாமா? ‘நோய் தீர்ந்தால் போதாதா? அதற்கு என்ன அனுமதி?’ என்று சிலர் சொல்லக்கூடும். மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களின் சரித்திரம் இதற்கு வேறு பதில் சொல்கிறது.

டாஸ்மானியாவில் துருகனினி என்ற பெண்மணி இருந்தார். தம் இனத்தவர் ஒருவருடைய சடலத்தை விஞ்ஞானத்தின் பெயரால் அறுத்துச் சிதைத்ததை அறிந்தவர் அவர். தமக்கும் அந்தக் கதி நேரக்கூடாது என்று அஞ்சினார். தம் அஸ்தியைக் கடலில் கரைக்கும்படி வேண்டிக்கொண்டார். 1876-ஆம் ஆண்டு அவர் இறந்தார். இரண்டே ஆண்டுகளில் அவருடைய எலும்புகளைத் தோண்டி எடுத்தார்கள். பின்னர் அவற்றைப் பொருட்காட்சிசாலையில் வைத்து, 1947 வரை ஊரார் பார்க்க விட்டார்கள். கடைசியில் 1976-ஆம் ஆண்டு, இறந்து நூறு ஆண்டு கழித்து, அவர் கேட்டபடி சாம்பல் கடலில் கரைந்தது. அந்த எலும்புகளைப் பார்த்தவர்கள் எதையெல்லாம் தெரிந்துகொண்டார்களோ, நமக்குத் தெரியாது. ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளவில்லை: அவர் என்ன கேட்டார் என்பதை.

இது பழங்கதை, இப்போது அப்படி நடக்குமா என்று கேட்கலாம். 1960-களிலிருந்து சுமார் முப்பது ஆண்டுக் காலம் ஆஸ்திரேலியாவின் பல மூலைகளில் பூர்வகுடி மக்களிடம் இரத்தம் எடுத்துச் சேகரித்தார்கள். ஏறக்குறைய 7,000 பேருடைய இரத்தம் கான்பரா நகரத்துப் பல்கலைக்கழகத்தில் குளிர்பெட்டிகளில் உறைந்து கிடந்தது. எடுத்தவர்கள் கொடியவர்கள் அல்லர். படித்தவர்கள், நல்லெண்ணம் உடையவர்கள். ஆனால் கொடுத்தவர்களில் பலருக்குத் தங்கள் இரத்தம் எங்கே போயிற்று, என்ன ஆயிற்று என்பதே தெரியாது. அந்த மக்களில் பலருக்கு, இறந்தவருடைய உடலின் அம்சம் சொந்த மண்ணுக்குத் திரும்பாதவரை கடமை முடியவில்லை. இன்று அந்தச் சேகரிப்பைப் பெரும்பான்மையும் பூர்வகுடியினரே அமர்ந்த குழு ஒன்று நிர்வகிக்கிறது. ஊர் ஊராகச் சென்று உரியவர்களைக் கேட்கிறார்கள். எல்கோ தீவிலுள்ள கலிவின்கு என்ற ஊரிலிருந்து எடுத்த இரத்தத்தில் இறந்தவர்களுடையதை 2019-ஆம் ஆண்டு திருப்பிக் கொடுத்தார்கள். ஊரார் அதை முறைப்படி மண்ணில் சேர்த்தார்கள்.

இங்கே ஓர் எதிர்வாதத்தை நேர்மையாகச் சந்திக்க வேண்டும். ‘மரியாதை வேறு, உண்மை வேறு. யார் கண்டுபிடித்தாலும் உண்மை உண்மைதானே? மனம் நோகாமல் நடந்துகொள்வது பண்பாக இருக்கலாம். அதனால் விஞ்ஞானத்துக்கு லாபம் என்ன?’ என்பதே அந்த வாதம்.

லாபம் உண்டு. எந்தக் கேள்வியைக் கேட்கிறோமோ அதற்கேற்ற உண்மைதான் கிடைக்கும். கேள்வியைத் தேர்ந்தெடுப்பவன் உண்மையில் பாதியைத் தேர்ந்தெடுத்துவிடுகிறான்.

தென் ஆஸ்திரேலியாவின் வடமேற்கே, பாலைநிலத்தில், ‘நங்கனம்பா’ என்ற பெயரோடு ஒரு சுகாதாரச் சபை இருக்கிறது. அந்த மக்களின் மொழியில் ‘நம்முடைய’ என்று பொருள். அதை நடத்துபவர்கள் பூர்வகுடியினரே. 1985-ஆம் ஆண்டு அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் யாமி லெஸ்டர், கண் தெரியாதவர். 1953-இல் பிரிட்டிஷார் அந்தப் பக்கத்துப் பாலைவனத்தில் அணுகுண்டுச் சோதனை நடத்தியபோது அவர் சிறுவன். கரும்புகை தம் முகாமின்மேல் கவிந்ததையும், அதன் பின் பார்வை போனதையும் உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் அவர்தான். அவர் ஒரு வைத்தியரையும், கட்டடக் கலைஞரையும், மானிட இயல் அறிந்த ஒருவரையும் அழைத்தார். தம் மக்களின் நோய்களுக்கு ஜாபிதா தயாரிக்கச் சொல்லவில்லை. ஜனங்கள் நோயில் விழாமல் இருக்க வழி என்ன என்று கேட்டார்.

கேள்வி மாறியதும் பார்வை மாறியது. கண்நோயும் சொறிசிரங்கும் வயிற்றுப்போக்கும் குழந்தைகளை வாட்டியதற்கு அவர்களுடைய பழக்கவழக்கமே காரணம் என்று வெளியார் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர்கள் குழாயைத் திறந்து பார்த்தார்கள். பின்னர் நாடெங்கும் ஆயிரக்கணக்கான வீடுகளில் இந்த வேலை நடந்தது. நூற்றுக்கு 35 வீடுகளில்தான் குளிக்கும் குழாயில் ஒழுங்காகத் தண்ணீர் வந்தது! தண்ணீர் வராத வீட்டில் குழந்தையைக் குளிப்பாட்டச் சொல்லி உபதேசம் செய்வதில் என்ன பிரயோஜனம்? ‘கொடுத்த வீட்டை உடைத்துப் போடுகிறார்கள்’ என்ற புகாரும் பொய்யாயிற்று. பழுதுகளில் நூற்றுக்கு 9 மட்டுமே குடியிருப்பவர்களால் வந்தவை. மற்றவை பராமரிக்காததாலும், கட்டியவர்கள் கோளாறாகக் கட்டியதாலும் வந்தவை.

அவர்கள் ஒரு விதி வைத்துக்கொண்டார்கள்: வேலை செய்யாமல் கணக்கெடுப்பு இல்லை. ஒழுகும் குழாயைக் கண்டால் குறிப்பேட்டில் எழுதிவிட்டு நகரக்கூடாது. அன்றே பழுதுபார்க்கத் தொடங்க வேண்டும். உள்ளூர்க்காரர்களே பெரும்பாலும் அந்த வேலையைச் செய்தார்கள். நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்தில் பத்து ஆண்டுகள் இப்படிச் செய்த பின், 2010-இல் சர்க்கார் கணக்குப் பார்த்தது. பழுதுபார்த்த வீடுகளில் தொற்றுநோய்க்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள், மற்றப் பூர்வகுடி வீடுகளை விட நூற்றுக்கு 40 குறைவு. மரியாதையால் விஞ்ஞானத்துக்கு என்ன லாபம் என்று கேட்டவர்களுக்கு இதைவிட என்ன விடை வேண்டும்?

இது திடீரென்று வந்துவிடவில்லை. 1971-இல் சிட்னி நகரத்து ரெட்பெர்னில் பூர்வகுடியினர் தங்களுக்கென்று ஒரு வைத்தியசாலை திறந்தார்கள். ஒருவனுடைய உடம்பு நன்றாக இருந்தால் மட்டும் ஆரோக்கியம் ஆகாது, சமூகம் முழுவதன் மனமும் வாழ்வும் மரபும் நன்றாக இருப்பதே ஆரோக்கியம் என்று 1989-ஆம் ஆண்டுத் தேசியத் திட்டம் வரையறுத்தது. அந்த மக்களிடம் ஆராய்ச்சி செய்வதற்கு 1991-இல் நெறிமுறைகளும் வந்தன.

‘சமூகம் என்றால் யார்? நாலு பெரியவர்கள் சேர்ந்து சொல்வது எல்லாருடைய குரலும் ஆகிவிடுமா?’ என்று இன்னொரு சந்தேகம் எழலாம். எழவேண்டியதுதான். எந்த ஊரிலும் பேசத் தெரிந்தவன் உண்டு. பேச இடமில்லாமல் ஓரத்தில் நிற்கும் பெண்ணும் உண்டு. சொந்த மனிதர்களும் தவறு செய்வார்கள். ஆனால் உள்ளூரான் செய்யும் தவறைத் தட்டிக்கேட்க உள்ளூரில் ஆள் உண்டு. நாளைக்கும் அவன் அதே தெருவில்தான் நடந்தாக வேண்டும். ரெயில் ஏறிப் போய்விட்ட ஆராய்ச்சியாளரை யார் தட்டிக்கேட்பது?

எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணிவிடவும் கூடாது. 2020 முதல் 2022 வரையிலான கணக்குப்படி, அந்த நாட்டின் மற்ற மக்களைக் காட்டிலும் பூர்வகுடி ஆண்களின் ஆயுள் 8.8 ஆண்டு குறைவு; பெண்களுடையது 8.1 ஆண்டு குறைவு. ஒரு குழந்தை பிறந்து பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரும் காலம் அது.

பிறருடைய துன்பத்தைப் பற்றித் தெரிந்துகொள்வது ஒருவகையில் அவரிடம் கடன் வாங்குவது போன்றது. கடன் வாங்குகிறவன் கதவைத் தட்டிக் கேட்கத்தான் வேண்டும். என்றைக்கு, எப்படித் திருப்பித் தருவான் என்றும் சொல்லத்தான் வேண்டும். நல்ல காரியத்துக்காக எடுத்தேன் என்று சொல்லிக் கேளாமல் எடுத்தவனுக்கு வேறு பெயர்.