ஒரு நாளைக்கு எத்தனை 'வேண்டாம்'?

குழந்தை முதன்முதலாக நிலைப்படியைத் தாண்டிய அன்று பாயசம் வைத்து அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கிற வழக்கம் நம் வீடுகள் பலவற்றில் உண்டு. சில வீடுகளில் பாயசத்துக்குப் பதில் கொழுக்கட்டை. பண்டம் எதுவானால் என்ன, சந்தோஷம் ஒன்றுதான். போட்ட இடத்தில் கிடந்த ஜீவன் இன்று தன் இஷ்டப்படி ஓர் எல்லையைக் கடந்துவிட்டது! எனக்கு வேடிக்கையாகப் படுவது மறுநாள் நடக்கிற காரியம். பாயசப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்த கையோடு, அதே நிலைப்படிக்குக் குறுக்கே ஒரு பலகையைக் கொண்டுவந்து நிறுத்துகிறோம்.

நிறுத்தாமல் பின்னே என்ன செய்வது என்று தாய்மார்கள் என்மேல் பாயக்கூடும். நானும் அந்தக் கட்சிதான். பாலக்கோட்டில் எங்கள் வாசலுக்கு மூன்று படி. படிக்கு அப்பால் சாக்கடை. சாக்கடைக்கு அப்பால், தக்காளி மண்டிக்குப் போகும் வண்டிகள் திரும்புகிற தெருமுனை. பெற்றவள் எவளும் பலகை வைக்கத்தான் செய்வாள். ஆனால் பலகை வைத்த பிறகு வீட்டுக்குள்ளே நடக்கிறதே, அதைப் பற்றித்தான் சில நாட்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

என் மகளுக்கு ஒன்பது மாதம் முடிந்து பத்து நடக்கிறது. விடிந்தது முதல் விளக்கு வைக்கிற வரையில் அவளுக்கு ஓயாத வேலை. துடைப்பத்தின் ஈர்க்கை ஒவ்வொன்றாக உருவிப் பார்க்க வேண்டும். அரிசி மூட்டையின் தையலை ஆராய வேண்டும். செருப்புக்கு என்ன ருசி, எறும்பு எங்கே போகிறது, சுவரில் இருக்கும் மின்சாரத் துளைக்குள் விரல் நுழையுமா நுழையாதா — எல்லாவற்றையும் இன்றே தெரிந்துகொண்டாக வேண்டும். தரையில் சிந்திய ஒரே ஒரு துவரம் பருப்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துத் தூக்க அவள் காட்டுகிற சிரத்தையில் பாதி எனக்கு இருந்தால், இந்நேரம் இன்னும் இரண்டு நாவல் எழுதி முடித்திருப்பேன்.

இத்தனைக்கும் என்னிடமிருந்து அவள் பெறும் பதில் ஒன்றுதான்: "வேண்டாம்!" ஒரு நாள் காலையில் காப்பிக்கும் குளியலுக்கும் இடையில் எத்தனை தடவை அதைச் சொல்கிறேன் என்று எண்ணத் தொடங்கினேன். நாற்பதுக்கு மேல் எண்ணப் பொறுமையில்லை. எங்கள் பக்கத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் புழங்கும். ஆகையால் பக்கத்து வீட்டு அம்மாள் "வத்து" என்பாள், பால் ஊற்ற வருகிறவர் "பேடா" என்பார். உலகத்தைப் பற்றி மூன்று மொழிகளில் அவளுக்கு எட்டியிருக்கும் முதல் சேதி, அது அவளுக்கு இல்லை என்பதுதான்.

வேண்டாம் எல்லாம் ஒரே ரகம் அல்ல. மின்சாரத் துளையில் விரலை விடாதே என்பது அவளுக்காகச் சொல்வது. அதற்கு யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. அரிசியை இறைக்காதே என்பது எனக்காக. பெருக்கி அள்ளுகிறவள் நானல்லவா? இதையும் ஓரளவு நியாயம் என்றே வைத்துக்கொள்ளலாம், வீட்டில் அவள் ஒருத்தி மட்டும் குடியிருக்கவில்லை. மூன்றாவதாக ஒரு ரகம் இருக்கிறது. எதிர்வீட்டு ஆயா ஒரு நாள் அவள் நாற்காலியைப் பிடித்து எழுந்து நிற்கிற வேகத்தைப் பார்த்துவிட்டு, "பொட்டப்புள்ளைக்கு இத்தன துறுதுறுப்பு ஆவாதம்மா, இப்பவே அடக்கி வை" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். இந்த மூன்றாவது வேண்டாம் யாருக்காக?

குழந்தைகள் விஷமம் செய்வதற்கு முன்னால் ஒரு தடவை திரும்பி நம் முகத்தைப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். "பார், பார், கள்ளி! தெரிந்தே செய்கிறாள்" என்று நாம் சிரிக்கிறோம். அது கள்ளத்தனம் அல்ல என்றே தோன்றுகிறது. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலினார் கிப்சனும் ரிச்சர்ட் வாக்கும் 1960இல் ஒரு சோதனையைப் பற்றி எழுதினார்கள். பெரிய கண்ணாடிப் பலகை. அதன் ஒரு பாதிக்கு அடியில் கட்டம் போட்ட துணி ஒட்டினாற்போல் இருக்கும். மறு பாதியில் அதே துணி கீழே தரையில் கிடக்கும். கண்ணுக்கு அது பள்ளம், கைக்குக் கண்ணாடி. தவழும் குழந்தைகளை நடுவே விட்டுத் தாய் இந்தப் பக்கத்திலும் அந்தப் பக்கத்திலும் நின்று கூப்பிட்டாள். நடுப்பலகையை விட்டு நகர்ந்த 27 குழந்தைகளில் மூன்றே மூன்றுதான் பள்ளத்தின் பக்கம் போயின. பெற்றவளே கூப்பிட்டும் மற்றவை போகவில்லை.

பிறகு 1985இல் ஜேம்ஸ் சோர்ஸும் அவருடைய கூட்டாளிகளும் இதையே இன்னும் நுட்பமாகச் செய்தார்கள். பள்ளத்தை ஏறக்குறைய ஓர் அடிக்குக் குறைத்துவிட்டார்கள். பயப்படுவதா வேண்டாமா என்று ஒரு வயதுக் குழந்தைக்கே சந்தேகம் வரும் ஆழம். இந்தத் தடவை தாய் வாய் திறக்கக் கூடாது, முகபாவம் மட்டும்தான். தாய் மலர்ந்த முகம் காட்டிய 19 குழந்தைகளில் 14 பள்ளத்தைக் கடந்து வந்தன. அச்சம் காட்டிய 17 குழந்தைகளில் ஒன்றுகூட வரவில்லை.

ஒன்றுகூட வரவில்லை! இதைப் படித்த அன்று நெடுநேரம் நான் கண்ணாடி முன்னால் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பலகையை ஒரு நாள் எடுத்துவிடலாம். முகத்தில் தெரிந்த பயத்தைக் குழந்தை உள்ளே வாங்கிக்கொண்டு போய்விட்டால் அதை யார் எடுப்பது? நான் பயப்படுவது என் மகளின் காலுக்கா, ஊரார் வாய்க்கா என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டுக்கும் என் புருவம் ஒரே மாதிரிதான் நெரிகிறது.

நம் பிள்ளைத்தமிழ் இலக்கணத்தைப் பாருங்கள். பத்துப் பருவங்கள். அவற்றுள் காப்பிலிருந்து அம்புலி வரை ஏழும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ஒரு காலை மடக்கி, கைகளை ஊன்றி, தலை நிமிர்த்து ஆடும் செங்கீரையும் பொது; நடந்து வா என்று கூப்பிடும் வாரானையும் பொது. கடைசி மூன்றில்தான் வழி பிரிகிறது. ஆண் குழந்தை தெருவுக்குப் போய்ச் சிறுமிகள் கட்டிய மணல் வீட்டைச் சிதைக்கிறது, பறை கொட்டுகிறது, தேர் உருட்டுகிறது. குமரகுருபரரின் மீனாட்சியம்மைக்கு அந்த இடத்தில் அம்மானையும் நீராடலும் ஊசலும். மதுரையை ஆளப் பிறந்தவளுக்கே அப்படி! அழகில் குறைவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் எதையும் உடைத்துப் பார்க்கிற விளையாட்டு அவளுக்கு இல்லை. பெண் படி தாண்டியதற்காக நாம் பாயசம் வைப்பது வாழ்க்கையில் ஒரே ஒரு நாள். அதற்குப் பிறகு படி தாண்டாப் பத்தினி என்பதுதான் பாராட்டு.

இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு இன்னொன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பெண் சிசுக்களைப் பிறந்த சில நாட்களிலேயே முடித்துவிடுகிற கொடுமைக்காகச் சேலம், தருமபுரிப் பகுதிகளின் பெயர் ஒரு காலத்தில் பத்திரிகைகளில் அடிபட்டது. தமிழக அரசு 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கி, 2001இல் தருமபுரிக்கும் கொண்டுவந்தது. கொல்லாதீர்கள், இந்தத் தொட்டிலிலாவது விட்டுவிட்டுப் போங்கள் என்று ஓர் அரசாங்கம் பெற்றோரைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. போதும்பொண்ணு என்றும், வேண்டாம் என்றேகூடவும் பெண்ணுக்குப் பெயர் வைத்த ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. அந்தச் சொல்லுக்கு இங்கே இத்தனை பழைய கணக்கு இருப்பதால்தான், துவரம் பருப்புக்காக அதைச் சொல்லும்போதும் எனக்கு நாக்கு கொஞ்சம் இடறுகிறது.

சரி, அப்படியானால் சொல்லாமலே இருந்துவிடலாமே? இப்போது சாயங்காலத்தில் ஒரு மணி நேரம் பலகையை எடுத்துவிட்டுக் கடைசிப் படியில் நான் உட்கார்ந்துகொள்கிறேன். அவள் மேல் படியில் வயிற்றை வைத்துக் காலைத் தொங்கவிட்டுத் தடவித் தடவி இறங்குகிறாள். நான் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பெரும் பாடு படுகிறேன். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் அடுப்பில் ஒன்றும் வேகாது, எழுத்து ஒரு வரி நகராது. குழந்தையின் சுதந்திரம் என்று புத்தகத்தில் படிக்கிறோமே, அது யாரோ ஒருவருடைய பொழுதைக் கொடுத்து வாங்குகிற சரக்கு. எங்கள் வீட்டுக்காரர் அதில் பங்கு போட்டுக்கொள்வது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்.

வேலைக்குப் போகிறவர்கள் கதை வேறு. 1961இல் வந்த பேறுகாலச் சட்டம் தாய்க்கு 12 வாரம் விடுப்புக் கொடுத்தது. 2017இல் அதை 26 வாரமாக்கினார்கள். நல்ல காரியம். ஆனால் உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாட்டுக் குழந்தைகளைப் பார்த்து 2006இல் வெளியிட்ட கணக்கின்படி, பாதிக் குழந்தைகள் முட்டி போட்டுத் தவழ்வதற்கு எட்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. குழந்தை குப்புறக் கவிழ்கிற வரை துணை இருந்துவிட்டு, தவழப் போகும் சமயத்தில் சட்டம் விடை பெற்றுக்கொண்டது! ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைக்கு விடியற்காலையில் பஸ் ஏறுகிறவள், மகள் தவழ்ந்த சேதியைப் பாட்டி சொல்லித்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தோட்டத்தில் கூலிக்குப் போகிறவளுக்கு அந்த 26 வாரமும் இல்லை. மாரண்டஅள்ளி சாலையோரத் தோட்டம் ஒன்றில் தக்காளி பறிக்கிற ஒருத்தி, தன் பெண் குழந்தையின் இடுப்பில் பழைய சேலைக் கிழிசலைச் சுற்றி, மறு முனையைப் புளியமரத்து வேரில் கட்டியிருந்தாள். பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. யசோதையும் கட்டினாள். ஊரெல்லாம் கயிறு கொண்டுவந்தும் இரண்டு விரற்கடை குறைந்துகொண்டே போனதாகப் பாகவதம் சொல்கிறது. கட்டுண்ட பிள்ளையோ உரலை இழுத்துக்கொண்டே போய் இரண்டு மருத மரங்களைச் சாய்த்தான். அதை நினைத்துக்கொண்டுதான் அவளிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"கட்டாம விட்டா கெணத்தாண்ட போயிடுதும்மா. நான் என்ன பண்ணட்டும்?" என்றாள், கை பறிப்பதை நிறுத்தாமலே.

குழந்தை அழவில்லை. துணி எட்டும் தூரத்துக்குள் இருந்த சருகு, கூழாங்கல், ஓர் அழுகல் தக்காளி எல்லாவற்றையும் வெகு கவனமாகப் பரிசோதித்துக்கொண்டிருந்தது. அந்தச் சேலைத் துண்டின் நடுவே வேறு நிறத்தில் ஒரு துணி முடிச்சுப் போட்டுச் சேர்த்திருந்ததைப் பார்த்து, அறுந்துவிட்டதா என்று கேட்டேன்.

"அறுவலம்மா. இப்ப புடிச்சிக்கினு நிக்குது. முன்ன கட்டுனது பத்தல. அதான் இன்னும் ரெண்டு மொழம் சேத்துக் கட்டுனேன்" என்றாள்.