இரசிகனின் முறைப்பாடு
அமெரிக்கப் பல்கலைக்கழக உதைபந்தாட்டமும் ஊதியமும் பற்றிய ஒரு சிந்தனை

விளையாட்டு வயிற்றுப்பாட்டுக்கு அப்பாற்பட்டதொரு செயல் என்ற எண்ணம் மேலைத்தேயச் சிந்தனையில் ஆழ வேரூன்றியது. ஒல்லாந்து வரலாற்றாசிரியர் யொஹான் ஹொய்சிங்கா 1938 இல் வெளியிட்ட ‘ஹோமோ லூடென்ஸ்’ என்னும் நூலில், பொருளூதியத்தோடு தொடர்பின்மையை விளையாட்டின் இலக்கணங்களுள் ஒன்றாகவே வகுத்தார். தொழிலாக ஆடுபவனிடம் உண்மையான விளையாட்டுணர்வு எஞ்சுவதில்லை என்பதும் அவர் கருத்து. இக்கருத்தைச் சோதித்துப் பார்ப்பதற்கு இன்றைய அமெரிக்கப் பல்கலைக்கழக உதைபந்தாட்டத்தினும் தக்க களம் கிடைப்பது அரிது. அங்கே 2021 ஆம் ஆண்டின் பின் வீரர்க்குப் பணம் கிடைக்கத் தொடங்கியது. அதனோடு இரசிகரின் மனக்குறையும் தொடங்கியது. ‘எங்கள் ஆட்டத்தைப் பணம் கெடுத்துவிட்டது’ என்ற அம்முறைப்பாடு எவ்வளவு தூரம் நியாயமானது என்பதே இங்கு எழும் வினா.

பெயர் உதைபந்தாட்டமாயினும் அவ்வாட்டத்திற் பந்து உதைக்கப்படுவது சிற்சில வேளைகளில்தான். நாம் அறிந்த றக்பிக்கே அது நெருங்கிய உறவு. 1869 நவம்பர் 6 ஆம் நாள் நியூ ஜேர்சி மாநிலத்தில் றட்கேர்ஸ், பிறின்ஸ்ரன் ஆகிய கல்லூரிகளுக்கிடையே நடந்த போட்டியை அதன் பிறப்பாகக் கொள்வர். இன்று அது ஒரு மக்கட் பெருவிழா. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அரங்கில் 107,601 பேர் அமரலாம். சனிக்கிழமைகளில் அவ்வரங்குகளை நிரப்புவோர் மாணவர் மட்டுமல்லர். பழைய மாணவர், அவர்தம் பிள்ளைகள், பல்கலைக்கழக வாயிலை ஒருநாளும் மிதித்திராத அயலூர்த் தொழிலாளர், கமக்காரர் என எல்லோரும் ஒரே நிற ஆடை அணிந்து கூடுவர். ‘நாம் வென்றோம்’ என்று கூறும் அவர்களது பேச்சில் அந்த ‘நாம்’ வெறும் சொல்லலங்காரமன்று. பலருக்குத் தந்தைவழி வந்த முதுசொம் அது.

இத்தகைய இரசிகன் காண நேர்ந்த மாற்றங்களைச் சுருக்கமாகக் கூறலாம். 2021 யூலை 1 முதல் வீரர் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்கு விற்று உழைக்க அனுமதிக்கப்பட்டனர். அதே ஆண்டில், ஒரு பல்கலைக்கழகத்தை விட்டு இன்னொன்றுக்குச் செல்லும் வீரன் ஓராண்டு ஆடாது காத்திருக்க வேண்டும் என்ற விதி தளர்ந்தது. செல்வந்த ஆதரவாளர் நிதிக்குழுக்களை அமைத்து வீரரை விலைபேசி அழைத்தனர். 2025 யூன் 6 ஆம் நாள் நீதிபதி குளோடியா வில்கன் ஏற்றுக்கொண்ட இணக்கத் தீர்வின்படி, முன்னாள் வீரர்க்கு ஏறத்தாழ 2.8 பில்லியன் டொலர் பத்தாண்டுகளில் வழங்கப்படல் வேண்டும். 2025-26 கல்வியாண்டில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் வீரர்க்கு 20.5 மில்லியன் டொலர் வரை நேரடியாகவே கொடுக்கலாம் என்றும் ஆயிற்று.

ஆனால் பணம் அன்றுதான் களத்தினுள் புகுந்தது என்பது வரலாற்றுக்கு ஒவ்வாத கூற்று. அமெரிக்கக் கல்லூரிகளிடையே நடந்த முதற் போட்டி என்று கொள்ளப்படுவது 1852 இல் ஹார்வார்ட், யேல் மாணவர் ஓட்டிய படகுப் போட்டி. அதற்குச் செலவு செய்தது ஒரு புகையிரதக் கம்பனி. பயணிகளைத் தன் பாதைக்கு ஈர்ப்பதே அதன் நோக்கம். 1929 இல் கார்னெகி நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, கல்லூரிகள் வீரரை மறைமுகமாகப் பணங்கொடுத்துச் சேர்த்தலை விரிவாகக் கண்டித்தது. ஆக, தூய்மையான பொற்காலம் ஒன்று எக்காலத்தும் இருந்ததில்லை. பணம் எப்பொழுதும் இருந்தது. அது யார் கைக்குப் போயிற்று என்பதே மாறியது.

‘மாணவ விளையாட்டு வீரர்’ என்ற தொடரின் கதை இவ்விடத்தில் எண்ணத்தக்கது. கல்லூரி விளையாட்டுக்களை ஆளும் தேசியச் சங்கத்தின் தலைமை நிருவாகியாக 1951 முதல் 1987 வரை இருந்த வால்ரர் பையேர்ஸ் என்பவரும் அவர்தம் உடன்பணியாளரும் 1950களில் இத்தொடரை ஆக்கிப் பரப்பினர். ஆட்டத்திற் காயமுற்றோர் தொழிலாளர்க்குரிய நட்டஈட்டைக் கோரியபோது, அவர் தொழிலாளர் அல்லர், மாணவரே என வாதிடுவதற்கு அது துணைநின்றது. கொலராடோ மாநிலத்தில் ஆட்டத்தில் உயிரிழந்த ஒருவரின் மனைவி கோரிய நட்டஈட்டை 1957 இல் அம்மாநில உயர் நீதிமன்றம் மறுத்தது. கேட்பதற்கு இனிய அச்சொல்லின் அடியில் ஒரு கைம்பெண்ணின் வழக்கு புதைந்து கிடக்கின்றது. பையேர்ஸ் தாமே ஓய்வுபெற்ற பின் 1995 இல் எழுதிய நூலில், தாம் கட்டியெழுப்பிய முறையைக் கடுமையாகச் சாடினார் என்பது வேடிக்கையான செய்தி.

1984 இல் ஒக்லஹோமாப் பல்கலைக்கழக ஆட்சிக்குழு தொடுத்த வழக்கில், தொலைக்காட்சி உரிமைகளை அச்சங்கம் தனியே கட்டுப்படுத்தல் சட்டத்துக்கு முரண் என அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அணை உடைந்தது. 2022 இல் ‘பிக் ரென்’ என்னும் பல்கலைக்கழகக் கூட்டமைப்புத் தொலைக்காட்சி நிறுவனங்களோடு செய்த ஏழாண்டு ஒப்பந்தம் 7 பில்லியன் டொலருக்கு மேற்பட்டது. (பெயரளவில் அது பத்து; 2024 முதல் உறுப்பினர் தொகையோ பதினெட்டு. எண்கணிதமும் வணிகத்துக்கு வளைந்து கொடுக்கும் போலும்.) 2023 நவம்பரில் ரெக்சாஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழகம் தன் பயிற்றுநரை விலக்கியபோது அவருக்குக் கொடுக்க வேண்டியிருந்த தொகை ஏறத்தாழ 76 மில்லியன் டொலர். பணி செய்யாதிருப்பதற்கான ஊதியம் இது.

இக்காலப்பகுதி முழுவதும் வீரனின் நிலை யாது? 2014 இல் நோத்வெஸ்ரேண் பல்கலைக்கழக வீரர் தொழிற்சங்கம் அமைக்க முயன்றபோது, அவர்கள் பருவகாலத்தில் வாரத்துக்கு 40 முதல் 50 மணித்தியாலம் உதைபந்தாட்டத்துக்கே செலவிடுவதாகத் தொழிலுறவு அதிகாரியொருவர் கண்டறிந்தார். ஆயினும் 2015 இல் மேற்சபை அவ்விடயத்தைத் தீர்க்காமலே கைவிட்டது. 2010 இல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழக வீரர் ஐவர், தாம் வென்ற மோதிரம் முதலிய பொருள்களை விற்றமைக்கும் பச்சை குத்தும் கடையொன்றிற் சலுகை பெற்றமைக்குமாக ஐந்து ஆட்டங்களுக்குத் தடைசெய்யப்பட்டனர். புகழ்பெற்ற வீரரின் இலக்கம் பொறித்த மேலாடைகளைப் பல்கலைக்கழகங்கள் விற்றுப் பணமாக்கிய காலம் அது. இரசிகன் அம்மேலாடையை அணிந்துகொண்டே அவ்வீரர்மீது சினந்தான். முன்னணிக் குழுக்களின் வீரருள் பெருந்தொகையினர் கறுப்பின இளைஞர் என்பதையும் சேர்த்து நோக்கின் இம்முரண் வெறும் நகைச்சுவையாக நின்றுவிடாது. 2021 யூன் 21 இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒன்பதின்மரும் ஒருமுகமாகச் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். நீதிபதி கவனோ தனியே எழுதிய குறிப்பில், ஊதியம் கொடாமையே எமது பண்டத்தின் சிறப்பு என்று வேறெந்தத் தொழிலதிபராவது வாதிட முடியுமா என்ற பொருள்படக் கேட்டார்.

இனி ஊதியமின்மை தன்னளவில் ஓர் அறமா என்பதை நோக்கலாம். கிரேக்கரை இதற்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். ஆனால் ஒலிம்பிய வெற்றியாளனுக்கு 500 திராக்மா கொடுக்குமாறு சொலன் சட்டம் வகுத்தார் என்று புளூட்டாக் எழுதியுள்ளார். ஊதியமின்றி ஆடுதலை உயர்பண்பாக ஆக்கியவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலக் கனவான்களே. ஹென்லிப் படகுப் போட்டி விதிகள் கைவினைஞரையும் கூலியாளரையும் விலக்கிவைத்தன. கிரிக்கெற்றிற் கனவான்களும் கூலிக்கு ஆடுவோரும் எதிரெதிர் ஆடிய போட்டி 1962 வரை நீடித்தது. ஆகவே இவ்வறம் ஓய்வுடைய வர்க்கத்தின் அறம். நிலவாடகையில் வாழ்பவன் பணத்தைப் பொருட்படுத்தாமை துறவன்று.

இதற்கு நுட்பமானதொரு மறுப்பு உண்டு. 1970 இல் றிச்சட் ரிற்மஸ் எழுதிய ‘கொடையுறவு’ என்ற நூல், இரத்ததானத்துக்கு விலை வைத்தால் கொடுக்கும் மனமும் குன்றும், இரத்தத்தின் தரமும் குன்றும் என வாதித்தது. விலைபேசப்படும்போதே தன்மை மாறிவிடும் பொருள்கள் உலகில் உள்ளன. கல்லூரி வீரனின் ஆட்டமும் அத்தகையதே என இரசிகன் கூறலாம். வலிமையான வாதந்தான். ஆயின் இரத்தம் கொடுப்பவன் கொடாதும் விடலாம்; விற்கக்கூடிய இடத்திலும் விற்காது கொடுக்கின்றான். வீரனுக்கோ விற்பது தடை. விற்றால் தண்டனை. விற்கும் உரிமை பறிக்கப்பட்டவனிடம் பெற்றதைக் கொடை என்பது எங்ஙனம்?

மறுபுறத்தில், றொபேட் நோசிக் 1974 இல் வெளியிட்ட நூலில் ஒரு கற்பனை உண்டு. வில்ற் சேம்பலின் என்ற கூடைப்பந்து வீரரின் ஆட்டத்தைக் காண ஒவ்வொருவரும் விரும்பி 25 சதம் கொடுப்பின், அவர் செல்வராவதில் யாருக்கு என்ன அநீதி என அவர் வினவினார். ஊதியத்தை ஆதரிப்போர்க்கு இது வாய்ப்பான எடுத்துக்காட்டு. ஆனால் இதில் வரும் பார்வையாளன் வெறும் நுகர்வோன். பிடிக்காவிட்டால் அடுத்த கொட்டகைக்குப் போய்விடுவான். நாற்பதாண்டு தோற்ற குழுவையும் விடாது பற்றிநிற்கும் இரசிகன் அத்தகையன் அல்லன். அவனை நோசிக்கின் கணக்கில் அடக்க முடியாது. முறைப்பாட்டின் நியாயமான பகுதி இங்கேதான் உள்ளது.

அவன் இழந்தது வீரனின் வறுமையை அன்று, தொடர்ச்சியை. பதினெட்டு வயதில் வந்த ஒருவன் நான்காண்டில் முதிர்ந்து தலைவனாவதைக் காண்பது அவனுக்கு ஒரு காவியம் போன்றது. இன்று அக்காவியத்தின் நாயகன் இரண்டாம் சருக்கத்தில் எதிரணிக்குப் போய்விடுகின்றான். 2024 செப்ரெம்பரில் நெவாடாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் வேகாஸ் குழுவை மூன்று வெற்றிகளுக்கு இட்டுச்சென்ற முன்னணி வீரர், தமக்களித்த வாக்குறுதி காக்கப்படவில்லை எனக் கூறிப் பருவத்தின் நடுவிலேயே விலகினார். அதே மாதம் ரெனசிப் பல்கலைக்கழகம், 2025 ஆம் ஆண்டுக்கான நுழைவுச்சீட்டுக்களின் மீது ‘திறமைக் கட்டணம்’ என நூற்றுக்குப் பத்து வீதம் சேர்ப்பதாக அறிவித்தது. கோடிகளைத் தொலைக்காட்சியிடமிருந்து பெறும் நிறுவனம், வீரர்க்குக் கொடுக்க வேண்டிய வேளை வந்ததும் இரசிகனின் சட்டைப்பையை நாடியது. இதன் விளைவு பணவிழப்போடு நிற்பதன்று. சம்பளம் தன்னுடையது என எண்ணத் தொடங்கியவன் எசமானின் குரலிலே பேசுகின்றான். பத்தொன்பது வயது இளைஞன் பந்தைத் தவறவிட்டால் வாங்கிய காசுக்குக் கணக்குக் கேட்கின்றான். 2018 இல் உச்ச நீதிமன்றம் விளையாட்டுச் சூதாட்டத்துக்கான கூட்டாட்சித் தடையை நீக்கிய பின், அவனுள் ஒரு பகுதியினர் பந்தயக்காரராகவும் மாறினர். பந்தயம் கட்டியவனுக்குத் தன் குழு வெல்வது மட்டும் போதாது. எத்தனை புள்ளியால் வெல்கின்றது என்பதும் வேண்டும்.

ஆகவே முறைப்பாட்டிற் கலந்துகிடக்கும் இரண்டைப் பிரித்தல் வேண்டும். வீரன் ஊதியம் பெறுதல் தன் இன்பத்தைக் குறைக்கின்றது என்பது ஒன்று. பிறனுக்குரியதை மறுத்தே நிலைபெறும் இன்பத்துக்கு எவருக்கும் உரிமையில்லை. அது நெடுங்காலம் கிடைத்துவந்தமை உரிமையாகாது. தான் அன்பால் வளர்த்த உறவுகள் தன்னைக் கேளாது விற்கப்பட்டன என்பது மற்றையது. இதற்கு வீரன் பொறுப்பல்லன். பசுபிக் கரையின் ஸ்ரான்போட், கலிபோர்ணியாப் பல்கலைக்கழகங்களை 2024 இல் அத்திலாந்திக் கரைக் கூட்டமைப்பிற் சேர்த்தவர் வீரர் அல்லர். ஒறிகன் மாநில, வாஷிங்ரன் மாநிலப் பல்கலைக்கழகங்களைத் தவிர ஏனைய அனைத்தும் பழைய பசுபிக் கூட்டமைப்பை விட்டு ஓடியபோதும் அவர்களை எவரும் கேட்கவில்லை.

ஒக்லஹோமாப் பல்கலைக்கழகமும் ஒக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகமும் 1910 முதல் ஆண்டு தவறாது மோதிவந்தன. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு நிறமும் தம்பி வேறு நிறமும் அணிந்த போட்டி அது. கூடிய தொலைக்காட்சி வருவாயை நாடி முன்னையது வேறு கூட்டமைப்புக்கு மாற முடிவுசெய்தது. 2023 நவம்பர் 4 இல் ஸ்ரில்வோட்டர் நகரில் மாநிலப் பல்கலைக்கழகம் 27-24 என வென்றது. இரசிகர் களத்தினுள் பாய்ந்து கொண்டாடினர். அடுத்த ஆண்டு அட்டவணையில் அவ்வாட்டம் இல்லை.