பேணுதலும் ஒப்புரவும்: பழைய ஒலிக்கருவிகள் பற்றிய ஓர் அறவினா

பொருள்களைத் தேடித் திரட்டும் வழக்கம் மனிதருக்குப் புதியதன்று. நாணயம், தபால் முத்திரை, ஏட்டுச்சுவடி எனப் பலவற்றைச் சேர்ப்போர் எக்காலத்தும் இருந்துள்ளனர். அவ்வரிசையிலே அண்மைக்காலத்தில் இடம்பெற்றிருப்பவை பழைய ஒலிக்கருவிகள். வால்வு வானொலிப் பெட்டி, இசைத்தட்டுச் சுழலி, ஒலிநாடாப் பதிகருவி, அம்பிளிபயர் என்பவற்றோடு, 1980களில் புதுமையின் உச்சமெனக் கருதப்பட்ட இறுவட்டு இயக்கியும் இன்று பழம்பொருள் தேடுவோரின் விருப்புக்குரியதாகிவிட்டது. பயன் கருதி வாங்கப்பட்ட ஒரு பொருள், அதே பயனை வேறு கருவிகள் எளிதில் தரும் காலத்திலும் விரும்பிப் பேணப்படுமாயின், அவ்விருப்பத்தின் இயல்பு யாது? அது இசையின்பத்தைச் சார்ந்ததா, உடைமைப் பற்றைச் சார்ந்ததா? பேணுவோனுக்குப் பிறர்பால் உள்ள கடமை ஏதும் உண்டா? இவ்வினாக்களைப் புத்தளம் மாவட்டக் கரையோரத்தை நிலைக்களமாகக் கொண்டு நோக்குவது பயனுடைத்து. பொருளைப் பேணுதலின் அருமையையும் பொருளை இழத்தலின் துயரையும் ஒருங்கே கண்ட நிலம் அது.

முதற்கண் கருவியின் இயல்பை அறிதல் வேண்டும். 1982ஆம் ஆண்டு ஒக்டோபர் 1ஆந் திகதி சோனி நிறுவனத்தின் சி.டி.பி.-101 என்னும் இறுவட்டு இயக்கி யப்பானில் விற்பனைக்கு வந்தது. சோனியும் பிலிப்ஸும் இணைந்து வகுத்த நியமத்தின்படி, 12 சென்ரிமீற்றர் விட்டமுடைய வட்டிலே ஒலியானது ஒரு செக்கனுக்கு 44,100 தடவை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 16 துவித இலக்கங்களாகப் பதியப்படுகின்றது. இசைத்தட்டின் பள்ளத்தில் ஊசி உராய்வதுபோல இங்கு உராய்வு இல்லை. வட்டின் நுண்குழிகளை லேசர் ஒளி தீண்டாமலே படித்துவிடுகின்றது. தேயாத ஒலி கைவந்துவிட்டது என்ற நம்பிக்கை அக்காலத்தில் எழுந்தமைக்கு இதுவே காரணம். ஆயின் தேய்வு மறையவில்லை. வட்டினை விட்டுக் கருவியின் உள்ளே சென்றது. லேசரின் ஒளிச்செறிவு காலப்போக்கிற் குன்றுகின்றது. இறப்பர்ப் பட்டிகள் தளர்கின்றன. பிளாஸ்திக்குப் பற்சில்லுகள் வெடிக்கின்றன. பழைய இயக்கிகள் பலவற்றின் லேசர்த் தொகுதிகள் இன்று உற்பத்தி செய்யப்படுவதில்லை. ஒன்றை இயங்கச் செய்வதற்குப் பழுதான மற்றொன்றைத் தேடிப் பிரிக்கவேண்டிய நிலை தோன்றிவிட்டது. ஆதலின் இங்கே சேகரித்தல் என்பது அழிவை நிறுத்துவதன்று. அதனைச் சிறிது காலம் தள்ளிப்போடுவதேயாம்.

புத்தளக் கரையில் அவ்வழிவு மேலும் விரைவானது. ‘புது அளம்’ என்பதே புத்தளம் எனத் திரிந்தது என்பர். பெயரிலேயே உப்பினைத் தாங்கிய ஊர் அது. கற்பிட்டி முதல் உடப்பு வரையும் அதற்குத் தெற்கேயும் வீசும் கடற்காற்று உப்பையும் ஈரத்தையும் சுமந்து வருவது. செப்புத் தொடுகைகளிற் பச்சைக் களிம்பு படிகின்றது. இரும்புத் திருகாணிகள் துருவேறுகின்றன. இச்சூழலில் ஒருவன் தன் கருவியைத் துணியால் மூடி, எவரும் தொடாவண்ணம் அலுமாரியிற் பூட்டி வைத்தால் அது பிழைத்துவிடும் என்று எண்ணுதல் இயல்பே. உண்மை அதற்கு மாறானது. இயங்கும் கருவியின் வெம்மை உள்ளே தங்கும் ஈரத்தை அகற்ற உதவுகின்றது. அலுமினிய மின்பகு கொள்ளளவிகளோ நெடுங்காலம் மின்னோட்டமின்றிக் கிடந்தால் தம்முள்ளே இருக்கும் ஒட்சைட்டுப் படலம் நலிந்து பழுதடைகின்றன; முறையாக மின் பெறும்போது அப்படலம் நிலைபெறுகின்றது. பயன்படுத்தாமை பாதுகாப்பு ஆகாது என்பதை அறநூல் கூறுமுன்னரே கருவி கூறிவிடுகின்றது. எனவே பேணுவோனின் முதற் கடமை பயன்கொள்ளுதலாகும்.

இன்பத்தைப் பற்றியும் நேர்மையான ஒரு கணிப்பு வேண்டும். பழைய கருவியின் ஒலியே சிறந்தது என்னும் வாதம் சேகரிப்போரிடையே அடிக்கடி எழுவது. அளவையால் நோக்குமிடத்து, நன்கு அமைந்த இன்றைய சிறு கருவியொன்றும் அதே வட்டிலுள்ள ஒலியைக் குறைவின்றித் தரவல்லது. அவ்வாறாயின் பழைய கருவியை நாடுவோன் பெறும் இன்பம் பொய்யோ? பொய்யன்று, அதன் ஊற்று மட்டுமே வேறு. வட்டினை உறையினின்று எடுத்து, தட்டிலே வைத்து, ஒருமணி நேரத்திற்குச் சற்று மேற்பட்ட இசையை வரிசை குலையாது இருந்து கேட்கும் செயலில் ஒரு கவனம் உண்டு. எண்ணற்ற பாடல்கள் விரல் நுனியில் நிற்கும்போது அக்கவனம் சிதறுகின்றது. செவிக்கு வாய்க்கும் ஒலியைவிட, செவி கொடுக்கும் பொறுமையே அங்கு இன்பத்தை விளைவிக்கின்றது. இதனை உணர்ந்தோன் தன் கருவியின் விலையையும் பெயரையும் பாராட்டிப் பிறரை எள்ளமாட்டான்.

எனினும் தனியொருவனின் கவனத்தோடு கடமை முடிந்துவிடுவதில்லை. இலங்கையில் ஒலிபரப்புத் தோன்றிய வரலாறு இதற்குச் சான்று பகரும். 1924ஆம் ஆண்டளவில் கொழும்புத் தந்தி அலுவலகத்தில் நடைபெற்ற சோதனை ஒலிபரப்பு, பிடிபட்ட ஜேர்மனிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவியின் பாகங்களைக் கொண்டு அமைக்கப்பட்டதென்பர். அதில் ஒலித்தது கிராமபோன் இசை. போருக்கென ஆக்கப்பட்ட பழங்கருவி ஊரார் செவிக்கு விருந்தளித்த அந்நிகழ்ச்சியின் தொடர்ச்சியாக 1925 டிசெம்பரில் முறையான ஒலிபரப்புத் தொடங்கிற்று. பின்னாளில் இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவை பாக்கு நீரிணையின் இருமருங்கிலும் கேட்கப்பட்டது. வீடுதோறும் வானொலி இல்லாத அக்காலத்திலே தேநீர்க்கடையில் இருந்த ஒரு பெட்டி ஊரின் பொதுச்செவியாக விளங்கிற்று. உரிமை ஒருவருடையது, கேள்வி அனைவருடையது. வள்ளுவர் ஒப்புரவுடையான் செல்வத்தை ஊருணியில் நிறைந்த நீருக்கு ஒப்பிட்டமை இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. அதே பெட்டி இன்று ஒருவரின் தனியறையிற் பளபளப்புடன் ஊமையாக வீற்றிருக்குமாயின், உலோகமும் மரமும் பேணப்பட்டனவேயன்றி வானொலி பேணப்பட்டதாகாது.

கருவி தனித்து வாழ்வதில்லை என்பதற்கு இம்மாவட்டமே மற்றொரு சான்றையும் தருகின்றது. சிலாபத்துக்கு அண்மையிலுள்ள இரணவிலக் கரையில் இயங்கிய ‘அமெரிக்காவின் குரல்’ அஞ்சல் நிலையம் 2016இல் மூடப்பட்டது. அனுப்பும் நிலையம் மௌனமானால், அதன் அலைவரிசையை நோக்கித் திருப்பப்பட்ட சிற்றலைப் பெட்டி எத்துணைச் செப்பமாக இருப்பினும் இரைச்சலையே தரும். உடப்பு மீனவரின் அம்பாப் பாடலும் இவ்வாறானதே. கரைவலையை இழுக்கும் கைகள் ஒன்றுசேர எழுவதற்காகப் பிறந்த பாட்டு அது. அதனை ஒலிப்பதிவு செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆயின் வலையின் பாரமும் கூட்டுக்குரலின் மறுமொழியும் பதிவுக்குள் அடங்கா. சேகரிப்பவன் தன் எல்லையை அறிவதும் அறத்தின் ஒரு கூறாகும்.

இனி, வன்மையானதொரு மறுப்பை எதிர்கொள்ளுதல் வேண்டும். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள், 70,000க்கு மேற்பட்டோர், விடுதலைப் புலிகளால் தம் வாழிடங்களினின்று வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தில் வாழ்ந்தோருக்கு அளிக்கப்பட்டது இரண்டு மணிநேர அவகாசமே. வீட்டையும் வீட்டுப் பொருளையும் விட்டு வந்தோருட் பெரும்பாலார் தஞ்சம் புகுந்த இடம் புத்தளம் மாவட்டம். அனைத்தையும் இழந்தோர் தென்னோலைக் குடிசைகளில் வாழ்ந்த மண்ணிலே, பழைய இறுவட்டு இயக்கியொன்றுக்குப் பாகம் தேடி அலைதல் வீண் ஆடம்பரமன்றோ என்று ஒருவர் வினவின், அவ்வினாவைப் புறந்தள்ளல் தகாது. மனிதரின் இடருக்கு முன்னர் பொருளின் நலிவு சிறிதே. பசித்தோன் அண்டையில் இருக்கத் தன் கருவிக்கே செல்வமனைத்தையும் செலவிடுவோன் பேணுவோன் அல்லன், பற்றினால் கட்டுண்டவன்.

ஆயினும் அவ்விழப்பே மற்றோர் உண்மையையும் உணர்த்துகின்றது. பொருள்கள் வெறும் பொருள்களாயின், அவற்றை இழந்தோர் இத்துணை ஆண்டுகள் கழிந்தும் அவற்றை எண்ணி வருந்தார். திருமண நாளிற் பதிந்த ஒலிநாடா, தந்தையின் குரல், வீட்டில் நாள்தோறும் ஒலித்த பாட்டு என்பன விலையால் அளக்கப்படாதவை. இவற்றுட் சில மீளவே மீளா. ஆனால் படியெடுத்து விற்கப்பட்ட இசைத்தட்டும் ஒலிநாடாவும் இறுவட்டும் வேறு வகையின. ஒரு வீட்டில் அழிந்தது பிறிதொரு வீட்டில் எஞ்சியிருத்தல் கூடும். யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ கைவிடப்பட்ட பாடலொன்றின் மறுபடி கற்பிட்டியிலோ கொழும்பிலோ ஒரு சேகரிப்பாளனின் பேழையில் உறங்கிக்கொண்டிருக்கலாம். அது சட்டப்படி அவனுடையதே. அறப்படி அதில் இழந்தோனுக்கும் பங்குண்டு. கேட்க விழைந்து வருவோனுக்குக் கதவைச் சாத்துவோன் அவனை இரண்டாம் முறை இழக்கச் செய்கின்றான்.

இவ்வாறு நோக்கின், பேணுதலுக்கும் பற்றுக்கும் உள்ள வேறுபாடு பொருளின் தொகையிலோ பழமையிலோ இல்லை; அப்பொருள் எவர்க்கு ஒலிக்கின்றது என்பதிலேயே உள்ளது. கருவியை இயக்கத்தில் வைத்தல், பழுது நீக்கும் கைத்திறனை இளையோருக்குக் கற்பித்தல், பதிவு எவருடையது, எக்காலத்தது எனக் குறித்து வைத்தல், அரியவற்றைப் பள்ளிக்கும் நூலகத்துக்கும் கேட்கத் தருதல் என்பன பெருஞ்செல்வம் வேண்டாத செயல்கள். உப்புக்காற்று இறுதியில் எல்லாக் கருவிகளையும் வென்றே தீரும். அதுவரையில் அவை எத்தனை செவிகளை அடைந்தன என்பதே அவற்றை வைத்திருந்தோர் விடையிறுக்க வேண்டிய வினாவாகும்.